குடும்பம் புலர்த்தி: மத்தியின் கரையில் ஏழு நாள்

முதல் நாள், ஜூலை 31, நீண்டகரை

இரவு பதினொன்றரை மணி. கேரளத்தின் கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல் கடலோடு கலக்கும் இடத்தில், நீண்டகரைப் பாலத்தின் மேல் நிற்கிறேன். கீழே பாலத்தின் தூண்களுக்கு நடுவே இரும்புச் சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் விசைப்படகுகள் விளக்கெரிய, எஞ்சின் உறும, ஒன்றின் தோளை ஒன்று இடித்துக்கொண்டு காத்திருக்கின்றன. ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கிய 52 நாள் இழுவலைத் தடை இன்னும் அரை மணி நேரத்தில் முடியப்போகிறது. மழை தூறுகிறது. பாலம் முழுக்கக் கூட்டம்.

நான் வந்தது இந்தப் படகுகளுக்காக அல்ல, மத்திக்காக. கன்னியாகுமரியில் சாளை, வட கேரளத்தில் மத்தி, தமிழ்நாட்டுக் கரையில் பல இடங்களில் பேய்ச்சாளை. நீளம் ஒரு சாண்கூட வராத மீன். கேரளத்துப் பழையவர்கள் இதற்கு இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள்: குடும்பம் புலர்த்தி. தமிழில் புலர்த்துவது என்றால் ஈரத்தை உலர்த்துவது. மலையாளத்தில் அதே சொல்லுக்குப் பேணி வளர்ப்பது என்று பொருள். குடும்பத்தைக் காப்பாற்றும் மீன். எத்தனையோ மீனுக்கு நிறத்தைப் பார்த்தும் உருவத்தைப் பார்த்தும் பெயர் வைத்த மக்கள், இந்த ஒன்றுக்கு மட்டும் அது செய்த உதவியைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

2012-ல் கேரளக் கரையில் இறங்கிய மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021-ல் அது 3,297 டன். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலாக அடுத்தடுத்துப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குப் பிறகு மீன் மெல்லத் திரும்பி வந்தது. ஆனாலும் 2024 ஜூனில் கிலோ 400 ரூபாய் வரை விற்றது. என் அம்மா வாரம் இரண்டு முறை யோசிக்காமல் வாங்கிய மீன் அது. எங்கே போனது, எப்படித் திரும்பியது, திரும்பியது இனி நிற்குமா என்று மீன் இறங்கும் துறைகளிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டேன். பையில் ஓர் இரும்பு ஸ்கேல் இருக்கிறது. போகிற இடமெல்லாம் மத்தியை அளக்கப்போகிறேன்.

பன்னிரண்டு மணிக்குச் சங்கிலியை அவிழ்த்தார்கள். பாலத்தில் நின்றவர்கள் எல்லோரும் கத்தினார்கள், நானும் கத்தினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள் கடலுக்குள் போனபின் எண்ணெய்ப் புகை மட்டும் வெகுநேரம் பாலத்தின் கீழே தங்கியிருந்தது.

இரண்டாம் நாள், ஆகஸ்ட் 1, நீண்டகரை

காலை எட்டு மணிக்கெல்லாம் முதல் படகுகள் திரும்பிவிட்டன. கரிக்காடி இறால், கிளிமீன், கணவாய். ஏலம் கூவுகிறவரின் குரலுக்கு நடுவே ஐஸ் உடைக்கும் சத்தம். மத்தியை மட்டும் காணவில்லை. தேடி நடந்ததில், துறையின் ஓரத்தில் வள்ளக்காரர்கள் கொண்டுவந்த நான்கைந்து கூடைகள் கிடைத்தன.

அங்கே வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் தமிழில் பேசினார். குளச்சல்காரர், முப்பது வருடமாக இந்தத் துறையில் வேலை. நான் ஸ்கேலை எடுத்ததும், "எதற்கு மக்களே, மீனுக்குச் சட்டை தைக்கப்போகிறாயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு மீனை எடுத்து நேராக்கிப் பிடித்துக்கொண்டார். மூக்கு நுனியிலிருந்து வால் நுனிவரை 11.5 செ.மீ. அடுத்தது 12. அதற்கடுத்தது 11.

"இழுமடிக்கும் சாளைக்கும் சம்பந்தம் இல்லை" என்றார். "இழுமடி தரையை வழிக்கும். சாளை மேல்தண்ணீரில் கூட்டமாக ஓடும். அதை வளைத்துப் பிடிக்க வேண்டும். நேற்று ராத்திரி நீ வேடிக்கை பார்த்ததெல்லாம் இறாலுக்குப் போன படகு."

தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். மழைக்கால தடை இழுவலை போடும் விசைப்படகுகளுக்கு மட்டுமே. மத்தி பிடிக்கும் வள்ளங்கள் பாரம்பரியத் தொழில் என்ற கணக்கில் அந்த 52 நாளும் கடலுக்குப் போகலாம். மத்தி முட்டையிடும் காலமோ ஜூன் முதல் செப்டம்பர் வரை. நேற்று இரவு அந்தச் சங்கிலியைப் பார்த்து, மீனைக் காப்பாற்றும் சங்கிலி என்று நெகிழ்ந்து நின்றேன். மத்தியைப் பொறுத்தவரை அது அடைக்காத வாசல்.

இந்தத் துறைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1953-ல் இந்திய-நார்வே கூட்டுத் திட்டம் தொடங்கியது இங்கேதான். எஞ்சின் படகுகள் வந்தன, பின்னால் இழுவலை வந்தது, இறால் ஏற்றுமதி வந்தது. பணம் பார்த்த மீன்களெல்லாம் கப்பலேறிப் போனபோது உள்ளூர்ச் சட்டியில் தங்கிய மீன் மத்திதான்.

பெரியவர் போகும்முன் ஒரு மீனின் செவுளைத் திறந்து காட்டினார். உள்ளே சீப்புப் பல்லைவிட நெருக்கமான முள்வரிசை. மத்தி வாயைத் திறந்தபடி நீந்தும். உள்ளே வரும் தண்ணீர் செவுள் வழியாக வெளியேற, அதிலிருக்கும் நுண்ணிய பாசி அந்தச் சீப்பில் தங்கிவிடும். அதுதான் அதற்குச் சாப்பாடு. வேட்டையாடி வயிறு வளர்க்கும் மீன் அல்ல, கடலைச் சலித்துச் சாப்பிடும் மீன். சிறுவயதிலிருந்து எத்தனை மத்தியைச் சாப்பிட்டிருப்பேன், ஒருநாளும் அந்தச் செவுளுக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 2, தோட்டப்பள்ளி, புறக்காடு

அதிகாலை பஸ்ஸில் ஆலப்புழைக் கரைக்கு வந்தேன். நேற்றெல்லாம் கொல்லத்தில் அலை கல்லை அறைந்துகொண்டிருந்தது. இங்கே தோட்டப்பள்ளியைத் தாண்டி வடக்கே நடக்க நடக்க அலை குறைந்துகொண்டே போய், ஓரிடத்தில் கடல் ஏரி மாதிரி படுத்துக் கிடந்தது. தண்ணீர் கலங்கிப் பழுப்பு நிறம். ஆடி மாத மேற்குக் கடலில் இப்படி ஓர் அமைதியைப் பார்ப்பேன் என்று நினைத்ததே இல்லை.

இதுதான் சாகரை. மழைக்காலத்தில் கடலடியின் மென்சேறு கலங்கி எழுந்து குழம்பாக நிற்கும். அந்தக் குழம்பு அலையின் வேகத்தை விழுங்கிவிடும். வெளியே எவ்வளவு கொந்தளித்தாலும் அந்தத் துண்டுக் கடலில் வள்ளத்தைக் கரையிலிருந்தே இறக்கலாம். ஒரே இடத்தில் வருவதுமில்லை, எல்லா வருடமும் ஒரே அளவில் வருவதுமில்லை. புறக்காட்டிலிருந்து புன்னப்பிரா வரையிலான கரை தலைமுறை தலைமுறையாக இதற்காகக் காத்திருக்கிறது. அடுப்பு அணையும் மாதத்தில் வரும் அறுவடை என்பதால் இங்கே சாகரை என்ற சொல்லுக்கே கொண்டாட்டம் என்று ஒரு பொருள் சேர்ந்துவிட்டது.

காலை ஒன்பதரைக்கு ஒரு பெரிய வள்ளம் வந்தது. நாற்பது பேருக்குக் குறையாது. முன்னால் வள்ளம், பின்னால் மீனைச் சுமக்கும் சின்ன வள்ளம் இரண்டு. கரையில் நின்ற பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தயாரானார்கள். முதல் கூடை மணலில் சரிந்தபோது வந்த சத்தத்தை எழுத முயன்று இரண்டு முறை அடித்துவிட்டேன். ஈர அரிசியை முறத்தில் கொட்டுவதுபோல் இருந்தது என்பதுதான் கிட்டத்தில் வருகிறது. முதுகு நீலப்பச்சை, வயிறு வெள்ளி, செவுள் மூடியின் ஓரத்தில் மெல்லிய பொன்னிறம். அந்தப் பொன் ஐஸ் பட்டபின் மங்கிவிடும். சந்தையில் பார்த்துப் பழகியவர்களுக்கு மத்தியின் நிறம் பாதிதான் தெரியும்.

வலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே ரிங் சீன் என்கிறார்கள். 1980-களின் நடுவில் இந்தக் கரையில் பரவிய வலை. மீன் கூட்டத்தைச் சுற்றிச் சுவர்போல் வலையை இறக்கி, அடியில் கோத்த வளையங்கள் வழியாக ஓடும் கயிற்றை இழுத்தால் பாட்டியின் சுருக்குப்பை மாதிரி அடி மூடிக்கொள்ளும். தமிழ் வாசகர்களுக்கு இதன் உறவுக்காரன் தெரிந்திருக்கும்: சுருக்குமடி. தமிழ்நாட்டில் 2000 முதல் சுருக்குமடிக்குத் தடை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு இடைக்கால அனுமதி தந்தது. அங்கே அடிதடி வரை போகும் ஒரு வலையின் நெருங்கிய சொந்தம் இங்கே பாரம்பரியத் தொழிலின் பட்டியலில் இருக்கிறது. வலை நல்லதா கெட்டதா என்ற கேள்வியோடுதான் வந்தேன். மணலில் நிற்கும்போது அந்தக் கேள்வி போதவில்லை. நாற்பது வீட்டு உலை அந்த ஒரு வலையில் கொதிக்கிறது. ஆனால் அந்த வலை ஒரு கூட்டத்தை வளைத்தால் அந்தக் கூட்டத்தில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இரண்டும் உண்மை.

வள்ளத்தின் முன்பக்கம் நின்று மீனைக் கண்டுபிடிக்கிறவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். இப்போது ஒலி அனுப்பி மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி எல்லா வள்ளத்திலும் இருக்கிறது. அவர் இன்னும் தண்ணீரைத்தான் பார்க்கிறார். "பகலில் தண்ணீரின் நிறம் மாறும், மேலே மழைத்துளி விழுவதுபோல் சிலிர்க்கும். ராத்திரியில் கூட்டம் போகிற வழி ஒளிரும்" என்றார். "நான்கு வருடத்துக்கு முன்னால் கருவியும் ஒன்றும் காட்டவில்லை, கண்ணும் ஒன்றும் காட்டவில்லை. டீசல் கடன் மட்டும் ஏறியது. இருந்ததை விற்றுத்தான் அந்த வருடத்தைத் தாண்டினோம்." கேட்டுக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் எழுந்து போய்விட்டான். அவர் மகன் என்று பிறகு தெரிந்தது.

அளந்தேன். ஒரே கூடையில் 13, 13.5, 12.5, ஒன்று மட்டும் 16. ஒரு சேச்சி தன் பங்கிலிருந்து எட்டு மீனை இலையில் பொதிந்து கையில் திணித்தார். தங்கியிருந்த வீட்டில் அதைப் பீர வைத்துத் தந்தார்கள். தேங்காய், பச்சை மிளகாய், சின்ன வெங்காயம், குடம்புளி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் கையால் பிசைந்து மண்சட்டியில் மூடி வேகவைப்பது. பக்கத்தில் மசித்த மரவள்ளிக்கிழங்கு. தாளிப்பு இல்லை, வறுப்பு இல்லை. சின்ன மத்திக்கு இதைவிட நல்ல சமையல் உண்டா என்று தெரியவில்லை. முள்ளோடு மென்று தின்றுவிடலாம்.

நான்காம் நாள், ஆகஸ்ட் 3, கொச்சி

ஞாயிற்றுக்கிழமை. இந்தக் கரையில் தேவாலய மணி அடித்தால் வள்ளம் கடலுக்குப் போகாது. எனக்கும் ஓய்வு என்று நினைத்தேன், ஆனால் மீன் ஆராய்ச்சியில் ஆண்டுக்கணக்காக இருக்கும் ஒரு தோழியின் வீட்டில் சாப்பாட்டுக்கு முன்பே பேச்சு மத்தியில் போய் நின்றுவிட்டது.

மத்தியின் வாழ்வு இரண்டு, இரண்டரை ஆண்டுதான். தென்மேற்குப் பருவக்காற்று கரையோரத்து மேல்தண்ணீரை வெளியே தள்ளும்போது, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து நிறைந்த தண்ணீர் எழுந்து வரும். அதில் பாசி செழிக்கும். பிராஜிலேரியா ஓஷியானிகா என்ற ஒரு பாசி பெருகினால் மத்தியும் பெருகும் என்று 1950-களிலேயே நம் விஞ்ஞானிகள் எழுதியிருக்கிறார்கள். ஆக, மத்தியின் ஆயுளில் பருவமழை இரண்டு முறைதான் வரும். ஒரு முறை தவறினால் பாதி வாழ்க்கை போயிற்று. 2012-ல் குஞ்சும் பெரிசுமாக அள்ளியது, 2015-ஐ ஒட்டி எல் நினோவால் கடல் சூடானது, இரண்டும் சேர்ந்து அடித்ததில் இனம் சரிந்தது. "ஒரு காரணம் மட்டும் சொல்கிறவர்களை நம்பாதே" என்றாள் தோழி. "மத்தி சரிவதும் எழுவதும் நூறு வருடத்துப் பதிவுகளிலேயே இருக்கிறது. 1940-களில் இப்படித்தான் மறைந்தது, 1994-லும் மறைந்தது. தானாக விழுகிற மீனை நாமும் சேர்ந்து தள்ளிவிடக் கூடாது, அவ்வளவுதான் நம் கையில் இருக்கிறது."

பிறகு என் ஸ்கேலை வாங்கி இரண்டு இடத்தில் விரல் வைத்தாள். கேரளத்தில் மத்தியைப் பிடிக்கச் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச நீளம் 10 செ.மீ. மத்தி முதன்முதலாக முட்டையிடத் தயாராகும் நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. இரண்டு விரலுக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தேன். இதுவரை நான் அளந்ததில் ஒன்றைத் தவிர எல்லாமே அந்த இடைவெளிக்குள் வருகின்றன. சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் ஒரு முறைகூட முட்டையிடாத மீன்கள்.

இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தப் பயணம் தகும் என்று தோன்றுகிறது.

அவள் சொன்ன இன்னொன்று எனக்கு மட்டும் இனிப்பது. மேற்குக் கரையின் அடையாளமான இந்த மீனுக்கு விஞ்ஞானப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரரான வலான்சியன், 1847-ல். சார்டினெல்லா லாஞ்சிசெப்ஸ், நீண்ட தலைச் சாளை. அவர் பார்த்த மாதிரி மீன் போனது புதுச்சேரியிலிருந்து. கிழக்குக் கரையில் அப்போது அபூர்வமாக அகப்பட்ட மீன் அது. 1980-களுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டுக் கரையிலும் பெருகத் தொடங்கியது.

ஐந்தாம் நாள், ஆகஸ்ட் 4, தானூர்

ரயிலில் பாரதப்புழையைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. 1861-ல் கேரளத்தின் முதல் ரயில் ஓடியது திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே, தானூர் வழியாக. அந்தத் தண்டவாளத்தின் ஓரத்தில்தான் மத்தி ஒரு தொழிற்சாலைச் சரக்காக மாறியது.

மத்தி உணவாக மட்டும் இருந்த மீன் அல்ல. கரையில் மலையாகக் குவிந்தபோது தென்னைக்கு உரமாகப் புதைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தின் மீன்வளத் துறையைத் தொடங்கிவைத்த சர் பிரெடரிக் நிக்கல்சன் இந்த மலபார் கரையில் மத்தி எண்ணெய்த் தொழிலை ஊக்குவித்தார். மீனைப் பெரிய கொப்பரையில் வேகவைத்து, பையில் கட்டி அழுத்துவார்கள். எண்ணெய் தண்ணீரோடு வடிந்து மேலே மிதக்கும். மிஞ்சிய சக்கையைக் காயவைத்தால் உரம், தோட்டங்களுக்குப் போகும். எண்ணெய் தோல் பதனிடவும், மரக்கலங்களுக்குப் பூசவும் போனது. தானூரில் அரசின் சோதனை நிலையமே இருந்தது. ஜேம்ஸ் ஹார்னல் என்ற அதிகாரி மத்தியின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எழுதியதும் இந்தக் கரையில்தான்.

கொப்பரை இருந்த இடம் எது என்று நான்கு பேரிடம் கேட்டேன், நான்கு திசை காட்டினார்கள். கடைசியில் தொண்ணூறை நெருங்கும் ஒரு முதியவர், "இடம் எதற்கு, மணம் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார். அவருடைய வாப்பா சொன்ன கதை. மத்திக்காலத்தில் எண்ணெய் காய்ச்சும் வாடை ரயிலில் போகிறவர்களையும் மூக்கைப் பொத்த வைக்குமாம். வீட்டில் விளக்கும் அந்த எண்ணெயில்தான். ஓதுகிற புத்தகத்தில்கூட மத்தி மணம் இருந்ததாம். சொல்லிவிட்டு அவர் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தார். எழுபது எண்பது வருடத்துக்கு முந்தைய கையை.

துறையில் அளந்தது: 14, 14.5, 13. மழை வலுத்ததால் சீக்கிரம் அறைக்குத் திரும்பிவிட்டேன்.

ஆறாம் நாள், ஆகஸ்ட் 5, சாலியம்

பேப்பூரிலிருந்து சாலியாற்றைப் படகில் கடந்தால் சாலியம். தோழியின் தோழி வீடு. வீட்டுக்காரியை எல்லோரும் இத்தா என்கிறார்கள், நானும் அப்படியே அழைத்தேன். மீன்காரரின் பைக் வாசலில் நின்றதும் இத்தா என்னை முந்திக்கொண்டு போனார்.

அவர் ஸ்கேல் வைக்கவில்லை. முதலில் கண்ணைப் பார்த்தார். பிறகு மீனை மல்லாத்தி, கட்டை விரலால் வயிற்றை நெஞ்சிலிருந்து வால் பக்கமாக மெல்ல அழுத்தினார். ஒரு மீனில் மஞ்சளாக ஏதோ எட்டிப் பார்த்தது. "நிறைசூலி" என்று அதைத் தள்ளி வைத்தார். அடுத்தது கல் மாதிரி இருந்தது. "இன்னும் காலம் இருக்கிறது." இன்னொன்றின் வயிறு தொளதொளவென்று உள்ளே போனது. "இது இட்டு முடித்தது. இதைத்தான் வாங்க வேண்டும்."

ருசி வேறுபடுமா என்று கேட்டேன்.

"ருசி ஐப்பசி கார்த்திகையில் பார். அப்போது நெய் ஏறி நிற்கும், சட்டியில் எண்ணெய் ஊற்ற வேண்டாம், தன் நெய்யிலேயே பொரியும். இப்போது மெலிந்துதான் இருக்கும். நான் பார்ப்பது ருசியை அல்ல. சினையோடு இருப்பதைத் தின்றால் அடுத்த வருடம் எதைத் தின்பது என்று என் உம்மா சொல்வார். நான் ஒருத்தி வாங்காமல் விட்டால் கடல் நிறைந்துவிடாது என்று எனக்கும் தெரியும். கை கேட்க மாட்டேன் என்கிறது."

மாமியாருக்கோ மத்திச் சினை என்றால் உயிராம். சின்ன வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டு வதக்கித் தரச் சொல்லி இன்றும் கேட்டார். இத்தா அவருக்காகச் சினை மீன் ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டார். வாக்குவாதம் எதுவும் இல்லை, பல வருடத்து ஒப்பந்தம் போலிருந்தது.

செதில் மத்திக்கு லேசாக ஒட்டியிருக்கும். கல்லில் இரண்டு தேய்ப்பு போதும். பச்சைக் குருமிளகை இஞ்சி, உப்பு, கறிவேப்பிலையோடு அம்மியில் அரைத்து, மீனில் மூன்று கீறல் போட்டுத் தடவி, வாழையிலையில் பொதிந்து தோசைக் கல்லில் வைத்தார். இலை கருகும் மணமும் மிளகு மணமும் எழுந்து மழையோடு கலந்தன. அரிசிப் பத்திரியோடு நான் எட்டு மீன் சாப்பிட்டேன். எண்ணியது இத்தா.

அளக்க மறக்கவில்லை. 15.5, 16, 15. இந்தப் பயணத்தில் முதல் முறையாக, தோழி விரல் வைத்த இரண்டாவது கோட்டை எட்டிய கூடை. கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த இத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மங்களூர் போய் அங்கே என்ன அளவு என்று சொல்" என்றார். "வயிற்றையும் அழுத்திப் பார்."

ஏழாம் நாள், ஆகஸ்ட் 6, மங்களூர்

இங்கே மத்திக்குத் துளுவில் பூத்தாய் என்று பெயர். கேட்டவுடன் நம் பேய்ச்சாளை நினைவுக்கு வந்துவிட்டது. பெயர்களுக்குள் உறவு இருக்கிறதோ இல்லையோ, ஒரு வருடம் கரையை நிறைத்துவிட்டு மறு வருடம் சொல்லாமல் மறையும் மீனுக்கு இரண்டு பெயரும் பொருந்தித்தான் இருக்கின்றன.

ஒரு காலத்தில் இந்தக் கரையில் ராம்பணி என்ற வலை இருந்தது. கரையிலிருந்தே கடலை வளைத்து, ஊரே சேர்ந்து இரண்டு பக்கமும் இழுக்கும் மாபெரும் வலை. பிடித்ததை ஊரே பங்கிட்டுக்கொள்ளும். 1970-களின் இறுதியில் பர்ஸ் சீன் என்ற சுருக்குமடிப் படகுகள் வந்தன. மீன் கரைக்கு வரும்முன்பே நடுக்கடலில் பிடிபட்டது. ராம்பணி ஓய்ந்துவிட்டது.

காலையில் நேத்ராவதியைத் தாண்டி உள்ளால் பக்கம் போனேன். மீன்தூள் ஆலைகள் இருக்கும் பகுதி. முதல் லாரி வரும்முன்பே வாடை வந்துவிட்டது, தானூர் முதியவர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும். லாரியில் ஐஸ் இல்லாமல் குவியலாகக் கிடந்தது பொடிமீன். சாப்பாட்டுத் தட்டுக்குப் போகிற மீனை யாரும் இப்படி ஏற்றுவதில்லை. வேகவைத்து, பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் இறால் பண்ணைக்கும் கோழிப் பண்ணைக்கும் தீவனம். ஒரு கிலோ தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். நிக்கல்சன் காலத்துக் கொப்பரையும் இதைத்தான் செய்தது என்று ஒருவர் சொல்லக்கூடும். அன்று உண்டு மிஞ்சியதைக் காய்ச்சினார்கள். இன்று ஆலை பசித்திருப்பதால் குஞ்சுக்கும் விலை கிடைக்கிறது, விலை கிடைப்பதால் வலைக் கண் சிறுக்கிறது. தட்டில் வைத்தால் ஓர் ஏழை வீட்டின் மதியச் சோற்றுக்குக் குழம்பாகும் மீன், இறாலுக்குத் தீனியாகி, அந்த இறால் யாரோ வசதியானவர் தட்டுக்குப் போகிறது. அந்த லாரியின் பின்னால் நடந்தபோது எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் ஆறவில்லை. ஓட்டுநரிடம் ஒரு மீன் கேட்டேன். மத்திதான். 8.5 செ.மீ. பத்துக்கும் கீழே. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்தவரும் அவர் அல்ல, அரைப்பவரும் அவர் அல்ல.

மதியம் மங்களூர் பழைய துறைமுகத்துக்குத் திரும்பினேன். ஏலம் முடிந்து பெண்கள் சில்லறை வியாபாரத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அம்மா முன்னால் வரிசையாக அடுக்கிய மத்தி. ஸ்கேலை வைத்தேன்: 17. இன்னொன்று, 17.5. ஏழு நாளில் இவ்வளவு பெரிய மத்தியை நான் பார்க்கவில்லை. அந்த அம்மா என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்து எழுந்துவிட்டார். வாங்க வந்தவள்தான் என்று கையால் காட்டிப் புரியவைத்தேன்.

அங்கிருந்தே இத்தாவைப் போனில் அழைத்தேன்.

"பதினேழரை இத்தா."

"அளவு இருக்கட்டும். வயிறு?"

மீனை மல்லாத்தி, கட்டை விரலை நெஞ்சில் வைத்து வால் பக்கமாக அழுத்தினேன். விரல் உள்ளே போனது. எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே.

"தொளதொளவென்று இருக்கிறது."

"அப்படியானால் கடலுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறது. வாங்கு."

அரைக் கிலோ வாங்கினேன்.